நான்கு கதைகளும் வேண்டும், நாவலின் வரிசை வேண்டாம்

கேள்வி: சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு இப்போது சொந்தப் படத்துக்கு முயன்று வருகிறேன். பள்ளத்தூரில் வசிக்கும் ஆச்சி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுதிய எண்ணூறு பக்க நாவலைப் படமாக்க ஆசை. அதில் நான்கு கதைகள் பின்னிக் கிடக்கின்றன. 1930களில் ரங்கூனிலுள்ள செட்டியார் வட்டிக்கடைக்கு அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியராகப் போகும் இளைஞன். அவன் கடையில் நிலத்தை அடகு வைக்கும் பர்மிய விவசாயக் குடும்பம். கானாடுகாத்தானில் கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. இன்றைக்கு அந்த வீட்டைப் பங்கு பிரித்து விற்க வந்திருக்கும் பேரன். நாவல் ஒவ்வொரு கதையையும் இருநூறு பக்கம் தனித்தனியாகச் சொல்லி, கடைசி அத்தியாயங்களில்தான் ஒன்றுசேர்க்கிறது. தயாரிப்பாளர், "பர்மாக்காரன் கதையை எடுத்துவிடுங்கள், காத்திருக்கும் மனைவியின் கதை ஒன்றே போதும்" என்கிறார். ஆச்சியோ, "ஒன்றை எடுத்தாலும் மற்ற மூன்றும் நொண்டும் தம்பி" என்கிறார். நண்பர்கள் வெப் சீரிஸ் எடுக்கச் சொல்கிறார்கள். நான் எந்தப் பக்கம் போவது?
– தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு அத்தியாயச் சுருக்கத்தையும் இணைத்திருந்ததால் நாவலின் போக்கை ஓரளவு உணர முடிந்தது. ஆச்சி சொல்வதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் அவர் எழுதிய வரிசையைப் படத்துக்குள் கொண்டுவர முயன்றால் படம் இடைவேளைக்கு முன்பே நின்றுவிடும். நான்கு கதைகளையும் வைத்துக்கொண்டு, அவை நிற்கும் வரிசையை முழுவதுமாகக் கலைத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

வாசகன் ஒரு கதையை இருநூறு பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது, நாவலாசிரியர் அவனுக்குப் புதிய மனிதர்களோடு பழகப் போதிய நேரம் தருகிறார். மறந்துபோனால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அந்த இரண்டு வசதியும் கிடையாது. ஒன்றரை மணி நேரம் படம் ஓடிய பிறகு, அறியாத ஊரில், அறியாத முகங்களோடு நான்காவது கதை முதலிலிருந்து தொடங்கினால், எவ்வளவு பொறுமைசாலியும் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

இதே சிக்கலை இதைவிடப் பெரிய அளவில் எதிர்கொண்ட ஒரு படம் இருக்கிறது. டேவிட் மிட்செல் 2004ல் வெளியிட்ட 'கிளவுட் அட்லஸ்' நாவலில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்பயணத்திலிருந்து தொலைதூர எதிர்காலம் வரை ஆறு கதைகள் உள்ளன. முதல் ஐந்தும் பாதியில் நிறுத்தப்பட்டு, ஆறாவது மட்டும் நடுவில் முழுமையாகச் சொல்லப்பட்டு, பிறகு அந்த ஐந்தும் தலைகீழ் வரிசையில் முடித்துவைக்கப்படுகின்றன. 2012ல் அதைப் படமாக்கிய லானா வச்சோவ்ஸ்கி, லில்லி வச்சோவ்ஸ்கி, டாம் டிக்வர் ஆகிய மூவரும் இந்த அமைப்பை அப்படியே கைவிட்டார்கள். நாவலின் நிகழ்ச்சிகளைச் சிறு சிறு அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பி, ஆறு கதைகளையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் புதிய வரிசையைக் கண்டுபிடித்தார்கள். படத்தின் நீளம் 172 நிமிடங்கள். வசூலில் அது பெரிய வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையை மாற்றிய துணிச்சலும் அந்த அட்டைகளும் உங்களுக்குப் பயன்படும்.

நீங்களும் அட்டைகளை எழுதுங்கள். எழுதும்போது ஒரு வேறுபாட்டை விடாமல் கவனியுங்கள். ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குத் தாண்ட இரண்டு வகை இணைப்புகள் உண்டு. தோற்றத்தால் ஒத்துப்போவது ஒரு வகை: இன்றைய பேரன் தேக்குத் தூணைப் பெயர்த்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைக்கு அனுப்புகிறான், அடுத்த காட்சியில் அதே தூண் புத்தம் புதிதாக நிறுத்தப்படுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் படம் முழுவதும் இப்படியே தாண்டினால் பார்வையாளர் இயக்குநரின் கெட்டிக்காரத்தனத்தை மட்டுமே கவனிப்பார். மற்றொன்று காரணத்தால் இணைவது: ஒரு கதையில் ஒருவர் செய்த காரியம் இன்னொரு கதையில் இன்னொருவரின் தலையில் போய் விழுவது. நெடும்படத்தைத் தாங்குவது இந்த இரண்டாவது வகைதான். முதல் வகையை எப்போதாவது ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நம் மொழியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கல்கி 1950லிருந்து 1954 வரை தொடராக எழுதி ஐந்து பாகங்களாக வந்த 'பொன்னியின் செல்வன்' எத்தனை கிளைகளாகப் பிரிந்தாலும் சிதறாமல் இருப்பதற்குக் காரணம், காஞ்சியிலிருந்து தஞ்சைக்கும் பழையாறைக்கும், பிறகு ஈழத்துக்கும் ஓலை சுமந்து போகும் வந்தியத்தேவன். ஓர் இடத்தில் எழுதிய ஓலை இன்னோர் இடத்தில் விளைவை உண்டாக்குகிறது. 2022லும் 2023லும் இரண்டு பகுதிகளாக வந்த படத்தில் மணிமேகலை போன்ற பாத்திரத்தையே விட்டுவிட முடிந்தது. ஓலை கொண்டுபோகும் அந்தப் பயணத்தை மட்டும் விட முடியவில்லை.

இனி உங்கள் நாவலுக்கு வருவோம். அத்தியாயச் சுருக்கத்தில் இரண்டு இடங்களை அடிக்கோடிட்டு வைத்தேன். விளைச்சலுக்கு வாங்கிய கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயி, அடுத்தாள் நீட்டும் பத்திரத்தில் கட்டை விரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைக்கிறார். நாவலின் கடைசிப் பகுதியில், பங்கு பிரிக்கும் பத்திரத்துக்காகப் பேரன் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் விரல் ரேகையைப் பதிக்கிறான். ஆச்சி இவற்றை அறுநூறு பக்க இடைவெளியில் வைத்திருக்கிறார். வாசகர்களில் பலர் தொடர்பைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். படத்தில் அவை அடுத்தடுத்து வர வேண்டும். விரல்கள் ஒத்திருப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் கைமாறியதில் வந்த பணம் உண்டியலாக, அதாவது ஊருக்குப் பணம் அனுப்பும் சீட்டாக, கானாடுகாத்தான் வந்து சேர்ந்துதான் வீட்டின் இரண்டாம் கட்டு, முன்பகுதிக்கு அடுத்த பகுதி, எழும்பியது. அந்த இரண்டாம் கட்டைத்தான் இப்போது பேரன் எழுதிக் கொடுக்கிறான். இடையில் மனைவி உண்டியல் பணத்தை வாங்கி, அது எங்கிருந்து வந்ததென்று கேட்காமலே கொத்தனாருக்குக் கூலி கொடுக்கும் ஒரு சிறு காட்சியை வைத்தால், நான்கு கதைகளும் பத்து நிமிடத்துக்குள் ஒரே கதையாகிவிடுகின்றன.

ஆகவே தயாரிப்பாளர் எடுத்துவிடச் சொல்லும் பர்மியக் குடும்பத்தின் கதைதான் எதை விட்டாலும் விடக் கூடாதது. அதை எடுத்துவிட்டால் காத்திருக்கும் மனைவியின் கண்ணீரும் பாழடைந்த வீட்டின் அழகும்தான் மிஞ்சும். அந்த வீட்டை ஏற்கெனவே நூறு பாடல் காட்சிகளில் பார்த்துவிட்டோம். வரலாறும் ஆச்சியின் பக்கமே நிற்கிறது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத விளைநிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது; உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, அடகு வைத்தவர்கள் கடனைக் கட்ட முடியாமல் போனதால், 1938க்குள் அது சுமார் 25 சதவீதமாகிவிட்டது. வட்டிக்குக் கொடுத்தவர்களில் பலர் விரும்பியது ரொக்கத்தையே, நிலத்தை அல்ல. ஆனாலும் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை எழுப்பும் துணிவு நம் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் ஆச்சிக்கு இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. படமெடுக்க வரும் இளைஞர் அதைக் காப்பாற்றியே தீர வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்குப் பர்மிய முகங்களையும் பர்மிய மொழியையும் தேடுங்கள். தமிழில் எழுத்து போட்டுக்கொள்ளலாம். 'கிளவுட் அட்லஸ்' படத்தில் ஒரே நடிகர்கள் பல கதைகளில் வேடமிட்டார்கள். அதில் வெள்ளையர்களைக் கொரியர்களாக ஒப்பனை செய்ததற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்தாளாகவும் பேரனாகவும் ஒருவரே நடிப்பதில் பொருள் இருக்கிறது. அதற்கு மேல் போக வேண்டாம்.

கதைகளை வெட்டக் கூடாது என்றேனே தவிர, கதைக்குள் இருப்பவற்றைத் தாராளமாக வெட்டலாம். கோயில் மரியாதைத் தகராறு, பங்காளியின் இரண்டாம் திருமணம், பேரனின் சென்னை அலுவலகம் ஆகிய மூன்றையும் நான் எடுத்துவிடுவேன். கடையை நடத்தும் பெரிய மேலாள், சிறிய மேலாள் இருவரையும் ஒருவராக்கிவிடலாம். உங்கள் மனத்துக்கு மிகவும் பிடித்ததாக நீங்கள் எழுதியிருக்கும் 1942ன் நடைப்பயணப் பகுதியையும் குறைத்தாக வேண்டும். 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு பல லட்சம் இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தது மாபெரும் துயரம்தான். அதை முழுதாகக் காட்டினால் அது தனிப் படமாகிவிடும், செலவும் உங்களை விழுங்கிவிடும். புறப்படும் இரவை மட்டும் விரிவாக எடுங்கள். பெட்டியடியில், கடையின் பணப்பெட்டிக்கு முன்னால், அமர்ந்து எந்தப் பேரேட்டைத் தூக்கிச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று அவன் புரட்டிப் பார்க்கும்போது, அந்த விவசாயியின் பெயர் எழுதிய பக்கத்தில் கை நிற்கட்டும். அந்தப் பேரேடு மூட்டையில் ஏறுகிறதா, தரையில் கிடக்கிறதா என்பதே அந்தக் கதையின் முடிவு. நடைக்கு அதன்பின் மூன்று நான்கு காட்சிகள் போதும்.

கதை மாறும்போது "1934, ரங்கூன்" என்று எழுத்துப் போடுவதையும், பின்னணிக் குரலில் இணைப்பதையும் கூடியவரை தவிர்க்கப் பாருங்கள். எந்தக் கதையில் இருக்கிறோம் என்பது முதல் சில விநாடிகளிலேயே தெரிய வேண்டும். எனக்குத் தோன்றிய வழி, தரை. பலகைத் தளம், வயல் சேறு, பளபளக்கும் ஆத்தங்குடிக் கல், அதே கல் பெயர்ந்து மண் தெரியும் நிலை என நான்கு கதைகளுக்கும் நான்கு தரைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதைக்கும் திரும்பும்போது பாதமும் தரையும் முதலில் வரட்டும். நான்கைந்து முறைக்குப் பிறகு, காலடி ஓசை மட்டுமே போதும் என்றாகிவிடும்.

கானாடுகாத்தான் வீட்டில் அன்றும் இன்றும் நடக்கும் காட்சிகளை ஒரே படப்பிடிப்பில், கேமராவை நகர்த்தாமல், வளவின், அதாவது உள்முற்றத்தின், அதே மூலையிலிருந்து எடுங்கள். வீட்டுக்காரர்கள் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருமணத்துக்கும் திரும்பி வரும் நாட்களைக் கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள். ரங்கூனைப் பற்றி அஞ்ச வேண்டாம். அங்கே வட்டிக்கடைகள் இயங்கிய கிட்டங்கி என்பது ஒரு நீளமான கூடம்; வரிசையாகப் பெட்டிகள், கணக்குப் புத்தகங்கள், இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கும் ஆட்கள். அதை இங்கேயே அரங்கமாக அமைத்துவிடலாம். 1947ல் வெளிவந்த 'நாம் இருவர்' காரைக்குடிப் பக்கம் ஏவி.எம். அமைத்த ஸ்டுடியோவில் உருவானதுதானே.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு காரியம் இருக்கிறது. ஆச்சி வாய்மொழியாகச் சம்மதித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்பு வேறு, உரிமை வேறு. 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, அவரால் கையொப்பமிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். இவ்வளவு பெரிய படத்துக்குப் பணம் திரட்டவே ஓராண்டு போய்விடும். ஆகவே அந்த ஓராண்டு விதி பொருந்தாது என்றும், காலத்தைப் பத்தாண்டு என்றும், எல்லையை உலகம் முழுவதும் என்றும் எழுதி வாங்குங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் இல்லாமல் இந்தப் படத்துக்கு வசூல் ஏது? பதிப்புரிமை ஆசிரியர் காலத்துக்குப் பின் அறுபது ஆண்டுகள் நீடிப்பதால், அவருடைய பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. நியாயமான தொகையை முன்பணமாகக் கொடுங்கள். உறவுபோலப் பழகுவதால் இலவசமாகத் தரட்டும் என்று நினைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

எதை வெட்டுகிறீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள். அட்டைகளை அவர் வீட்டுப் பட்டாலையிலேயே (கூடம்) பரப்பி, புதிய வரிசையை முதலிலிருந்து கடைசி வரை வாயால் சொல்லிக் காட்டுங்கள். நாற்பதாண்டு வகுப்பறையில் நின்றவருக்குக் கதை எங்கே தளர்கிறது என்பது கேட்கும்போதே தெரிந்துவிடும். மறுப்புச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு எதையாவது அவர் மறுத்தால் மீண்டும் யோசியுங்கள். நீக்கிய நிகழ்ச்சிக்காக மட்டும் வருந்தினால் பணிவாக உங்கள் முடிவில் நில்லுங்கள்.

வெப் சீரிஸ் பற்றி: எட்டுப் பகுதி கிடைத்தால் எல்லா நிகழ்ச்சிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் பகுதிக்கு ஒரு கதை என்று பிரிந்து, நாவலின் பழைய வரிசைக்கே திரும்பிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. கைநாட்டுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு வாரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு படங்கள் என்பதும் தலைமுறைகளாக எல்லோரும் படித்த கதைக்குத்தான் பொருந்தும். உங்களுடையது மூன்று மணி நேரத்துக்குட்பட்ட ஒரே படம். விவசாயியின் நிலம் கடையின் பெயருக்கு மாறும் இடத்தில் இடைவேளை விடுங்கள்.

தயாரிப்பாளரை அடுத்த முறை சந்திக்கும்போது முழுத் திரைக்கதையைக் கொண்டுபோகாதீர்கள். கைநாட்டு, உண்டியல், கொத்தனார் கூலி, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய நான்கு காட்சிகளை மட்டும் வசனத்தோடு எழுதிப் படித்துக் காட்டுங்கள். கேட்டு முடித்ததும் அந்த விவசாயி என்ன ஆனார் என்று அவர் விசாரித்தால், மேற்கொண்டு பட்ஜெட்டைப் பேசுங்கள். அப்போதும் மனைவியின் கதை ஒன்றே போதும் என்றால், வேறு தயாரிப்பாளரைப் பாருங்கள்.