டத்தோ பட்டத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா? ஜொகூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: மலேசியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு டத்தோ மீதுதான் விழ வேண்டும் என்கிறார்கள். சுல்தான்கள் தரும் இந்த விருதுகளுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது என்பதே என் பதில். ஆனால் விருதையும், அதனால் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் டத்தோ போன்ற அடைமொழியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் அடைமொழியை மட்டுமே பார்க்கிறோம். அதனால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்காரன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மலாய் மாநிலங்களில் இன்றைய வடிவிலான அரச விருதுகளை முதலில் நிறுவியவர் ஜொகூரின் அபு பக்கர். 1885 டிசம்பரில் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவர் சுல்தானாக ஏற்கப்பட்டார். 1886 ஜூலை இறுதியில் முடிசூடிக்கொண்ட கையோடு இரண்டு விருதுகளை உருவாக்கினார். ஒன்று, அரச குடும்பத்தாருக்கும் பிற அரசர்களுக்கும் உரிய கெராபாட் விருது. மற்றொன்று ஜொகூர் மகுட விருது.

அந்தக் காலச் சூழலை நினைத்துப் பாருங்கள். பேராக், சிலாங்கூர் மாநிலங்களில் 1874 முதல், ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் வந்து அமர்ந்துவிட்டார்கள். ஜொகூர் விலகி நின்றது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வரை அங்கே பிரிட்டிஷ் பொது ஆலோசகர் கிடையாது. அபு பக்கர் ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்றவர், விக்டோரியா அரசியிடம் விருது பெற்றவர். விருதை வாங்கும் அரசனுக்கும் கொடுக்கும் அரசனுக்கும் உள்ள தூரம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். தானும் ஒரு முழு அரசன் என்று உலகுக்கு அறிவிக்க அவர் கையாண்ட வழிகளில் அந்த மகுட விருதும் ஒன்று என்றே நான் கருதுகிறேன். இன்று விழா மேடையில் பளபளக்கும் நட்சத்திரத்துக்குப் பின்னால் இப்படி ஓர் அரசியல் துணிவு இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

மகுட விருதில் மூன்று நிலைகள் உண்டு. மேல் இரண்டு நிலைகளைப் பெற்றவர்கள் டத்தோ. மூன்றாவதான செத்தியா மகுட ஜொகூர் பெற்றவருக்கு எந்த அடைமொழியும் இல்லை. பெயருக்குப் பின்னால் எஸ்.எம்.ஜே. என்று எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதற்கும் கீழே சுல்தான் இப்ராகிம் பதக்கம் (பி.ஐ.எஸ்.) போன்றவை இருக்கின்றன. ஆசிரியர்கள், எழுத்தர்கள், கிராமத் தலைவர்கள் என்று அதைப் பெற்ற பலரை ஜொகூரில் பார்க்கலாம்.

மத்திய அரசின் விருதுகளும் இப்படித்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1958-இல் பங்குவான் நெகாரா விருதும், 1966-இல் செத்தியா மகுட மலேசியா விருதும் தோன்றின. இவற்றை வழங்குபவர் நாட்டின் தலைவரான மாமன்னர். துன், டான்ஸ்ரீ என்ற அடைமொழிகள் எல்லாம் இங்கிருந்து வருபவை. பங்குவான் நெகாரா விருதின் உச்ச நிலையை ஒரே காலத்தில் 25 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதே விருதின் கீழ்ப்படிகளில் ஜே.எம்.என்., கே.எம்.என்., ஏ.எம்.என்., பி.பி.என். என்று பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மட்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மலேசிய விருதுகளின் வரிசையில் முதலிடம் துன்னுக்கும் இல்லை, டான்ஸ்ரீக்கும் இல்லை. வீரத்துக்கான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசாதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அதைப் பெற்றவருக்கு எந்த அடைமொழியும் கிடையாது! சரவாக்கைச் சேர்ந்த இபான் இன வீரர் கானாங் அனாக் லங்காவ், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களோடு காட்டில் போரிட்டு அதைப் பெற்றார். அடுத்த நிலை வீர விருதும் அவரிடம் இருந்தது. விருதின் மதிப்பை அடைமொழியால் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

அடைமொழிக்கு உரிய தகுதியோடு வாழ்ந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தனைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தமிழ்த் தொழிலாளர்கள் வேலையையும் குடியிருந்த லயத்தையும் சேர்த்து இழந்தார்கள். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்கட்டும் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார் அவர். துன் பட்டம் அவருக்கு அதன் பிறகுதான் வந்தது.

என் பெரியம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அவருக்குச் சுல்தான் இப்ராகிம் பதக்கம் கிடைத்தது. எங்கள் கோயில் திருவிழாவில் வந்திருக்கும் டத்தோக்களை எல்லாம் ஒலிபெருக்கியில் வரிசையாக அழைத்து மாலை போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த பெரியம்மாவை யாரும் அழைத்ததில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு வருத்தம் உண்டு. விழா எடுக்கும் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அழைப்பிதழில் டத்தோ என்று அச்சிடும்போது, பி.ஐ.எஸ்., ஏ.எம்.என்., பி.பி.என். எழுத்துகளையும் விடாமல் அச்சிடுங்கள். அரண்மனை கொடுத்ததை நாம் மறைக்க வேண்டாம்.

பட்டம் விற்பனையைப் பற்றியும் கேட்பீர்கள். தரகர்கள் இருக்கிறார்கள், ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கோ ஒரு சுல்தானகத்தின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு டத்தோ பட்டம் கொடுப்பவர்களும் உண்டு. இந்த மோசடிகளைத் தண்டிக்கவே 2017-இல் தனிச் சட்டம் வந்தது. மலேசியாவில் விருது வழங்கும் உரிமை மாமன்னருக்கும், ஒன்பது மாநில அரசர்களுக்கும், அரசர் இல்லாத பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆளுநர்களுக்கும் மட்டுமே உண்டு. ஷாருக் கானுக்கு ஒரு சுல்தான் டத்தோ பட்டம் கொடுத்தார் என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2008-இல் அவருக்கு அதைக் கொடுத்தது மலாக்கா, அங்கே சுல்தான் இல்லை.

யாராவது டத்தோ என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் முதலீடு கேட்டு வந்தால், எந்த அரசர், எந்த ஆண்டு, எந்த விருது என்று மூன்றையும் கேளுங்கள். உண்மையாகப் பெற்றவர் தயங்காமல் சொல்வார். மத்திய அரசின் விருது என்றால் பிரதமர் துறையின் விருது, விழாப் பிரிவு இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.