சாய்வுக் கூரையில் கூலர் ஸ்டாண்டு: ரெவிட்டில் கால்கள் நேராக நிற்க

வணக்கம்ங்க. திருப்பூர் பனியன் கம்பெனி ஷெட் கூரையில் ஏர் கூலர் ஸ்டாண்டு வைத்தால், ரெவிட்டில் (கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருள்) ஸ்டாண்டு முழுவதும் கூரையோடு சேர்ந்து சாய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஃபேஸ் பேஸ்டு ஃபேமிலி, அதாவது ஒரு பரப்பில் ஒட்டிவைக்கிற ரெவிட் பொருள், அப்படித்தான், எந்தப் பரப்பில் வைக்கிறீர்களோ அதற்குச் செங்குத்தாக நிற்கும்.

ஸ்டாண்டைப் பிரித்துவிடுங்கள். நான்கு கால்களையும் ஸ்ட்ரக்சுரல் காலம் (column, தூண்) ஆகப் போட்டு, மேல்முனையை கூலர் உட்காரும் ஃப்ரேம் மட்டத்தில் நிறுத்துங்கள். அப்புறம் கால்களைத் தேர்ந்தெடுத்து, அட்டாச் டாப்/பேஸ் கட்டளையில் பேஸை (அடிமுனையை) கூரையோடு இணைத்தால், ஒவ்வொரு காலும் தன் நீளத்துக்கு வந்து நிற்கும். கூரைச் சாய்வை மாற்றினாலும் கூடவே மாறும். 10-க்கு 1 சாய்வில், சரிவு வாட்டத்தில் கால்கள் 1200 மி.மீ. தள்ளி இருந்தால் நீள வித்தியாசம் 120 மி.மீ. வரணும், செக்சனில் (வெட்டுத் தோற்றத்தில்) சரிபாருங்கள். பேஸ் பிளேட்டை (காலின் அடித் தகட்டை) மட்டும் ஃபேஸ் பேஸ்டாக வையுங்கள், அது சாய்ந்துதான் இருக்க வேண்டும்.

மாடலை விட முக்கியமான ஒன்று: கால் எங்கே இறங்குகிறது? வெறும் ஷீட்டில் இறக்கவே கூடாது. பர்லினையும் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாடலில் போட்டு, அதன் மேல் கால் வருகிற மாதிரி இடத்தை நகர்த்துங்கள். பர்லின் இடைவெளி ஒத்துவராவிட்டால் குறுக்கே ஒரு இரும்புச் சேனல் கொடுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் சும்மா விடாது. எடையோடு, ஐஎஸ் 875 பாகம் 3 (காற்று விசைக்கான இந்தியத் தர விதி) சொல்லும் காற்று விசைக்கும் போல்ட்டைக் கணக்குப் போடச் சொல்லி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.