கோடையும் பேச்சுத்துணையும்

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் குறிப்புகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது ஒரு யோசனை கேட்க எழுதுகிறேன்.

நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். எனக்கு 64, அவருக்கு 68. போன வருடம் அவர் ஓய்வுபெற்றதும் உள்ளேயே படுக்கையும் சமையலறையும் உள்ள 25 அடி மோட்டார்ஹோம் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினோம். டெக்சாஸ் வெயிலிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். ஜூன் கடைசியில் கிளம்பி ஏழு வாரத்தில், வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் பதினாறில் தங்கினோம். குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் கையசைத்து "ஹாய்" சொல்வார்கள். மறுநாள் காலையில் அந்த இடம் காலியாக இருக்கும். அவருக்குத் தூண்டிலும் ஒரு புத்தகமும் போதும். நான் இருபது வருடம் பள்ளி நூலகத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்தவள். ஆகஸ்ட் நடுவில் "வீட்டுக்குப் போய்விடலாம்" என்று நானே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடமும் கிளம்ப ஆசைப்படுகிறார். குளிர்ச்சியும் வேண்டும், மனிதர்களும் வேண்டும். அப்படி இடம் இருக்கிறதா? அவருக்கு இரண்டு வருடம் முன்பு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி, டல்லாஸ்

*

அன்புள்ள தங்கைக்கு,

அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். எங்கள் முதல் கோடையும் அப்படித்தான் முடிந்தது. பத்து வாரத்தில் பதினான்கு இடம். ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர்க் குழாயை மாட்டி, மின்சாரத்தைச் சொருகி, வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி நிமிர்வதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். வீடு திரும்பியபோது எனக்கு நினைவிலிருந்த முகங்கள் பெட்ரோல் பங்கில் பார்த்தவைதான்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பேச ஆள் கிடைக்காததற்கு நீங்கள் காரணம் இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாறினால், உங்களைப் போலவே மூன்று நாளில் கிளம்புகிறவர்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள். கோடை முழுக்கத் தங்குகிறவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள், அல்லது அதே இடத்தின் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் வண்டி வாசலில் பூந்தொட்டி இருக்கும், பெயர்ப்பலகை தொங்கும். இந்த வருடம் இரண்டே இடம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதம். மாத வாடகை என்று கேட்டால் தினக்கட்டணத்தைவிட நன்றாகவே குறையும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்திருப்பார்கள், அதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டாவது கோடையை கொலராடோவின் சவுத் ஃபோர்க்கில் கழித்தோம். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். உயரம் சுமார் 8,200 அடி, நம் ஊட்டியைவிட அதிகம். ஆயிரம் அடி ஏறினால் மூன்று, மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்பது பொதுக்கணக்கு. ஜூலையில் பகல் 80 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் நாற்பதுகளுக்கு இறங்கிவிடும். டெக்சாஸ்காரர்களும் ஒக்லஹோமாக்காரர்களும் பல வருடங்களாகக் கோடைக்கு அங்கே வருகிறார்கள். ஜூன் முதல் வாரம் வந்து செப்டம்பரில் திரும்புகிறவர்கள்.

நாங்கள் தங்கிய இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கூடம், ஒரு காபி இயந்திரம், நடுவில் ஒரு மேசை. அந்த மேசையில் எப்போதும் பாதி முடிந்த ஜிக்சா புதிர் ஒன்று கிடக்கும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து நாலு துண்டு பொருத்திவிட்டுப் போகலாம். புது இடத்தில் கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பேச்சு வந்தால் பேசலாம், வராவிட்டாலும் கைக்கு வேலை இருக்கிறது. நான்காவது நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி வானத்துத் துண்டுகளைத் தேடிக்கொண்டே, தன் கணவர் இறந்த பிறகும் இதே இடத்துக்குத் தனியாக வண்டி ஓட்டி வருவதைச் சொன்னார். அந்தக் கோடையில் நான் நெருங்கிப் பழகிய முதல் ஆள் அவர்தான்.

சனிக்கிழமை பாட்லக். ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். அடுத்த வாரம் மூன்று பேர் செய்முறை கேட்டு வண்டிக்கே வந்துவிட்டார்கள். அப்புறம் கிரீடுக்கு நாடகம் பார்க்கப் போனோம். சவுத் ஃபோர்க்கிலிருந்து இருபது மைல் சொச்சம் தள்ளி இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்க ஊர் அது. 1966-இல் ஊர் நொடித்துக்கொண்டிருந்தபோது, நாடகம் போட வரச்சொல்லி ஊர் இளைஞர் சங்கம் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியது. கான்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். அந்தக் குழு இன்றும் கோடைதோறும் அங்கே நாடகம் போடுகிறது. ஐந்தாறு பேர் ஒரே காரில் போய்விட்டு, திரும்பும் வழியெல்லாம் நாடகத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் உங்களை நான் சவுத் ஃபோர்க்குக்கு அனுப்பப் போவதில்லை. காரணம் அந்த ஸ்டென்ட். 8,000 அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். நன்றாக இருக்கிற இதயத்துக்கே முதல் சில நாள் மூச்சு வாங்கும், தூக்கம் கெடும். அவருடைய இதய மருத்துவர் சரி என்று சொல்லி, வழியில் நாலாயிரம், ஐந்தாயிரம் அடியில் இரண்டு இரவு தங்கிப் பழகிப் போனால் பின்னொரு வருடம் பார்க்கலாம். மலையில் சமையல் கஷ்டமும் உண்டு. அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது. இட்லி மாவு இரவுக் குளிரில் அப்படியே கிடக்கும். ஐஸ்பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர் பாட்டில் ஒன்றையும் சேர்த்து மூடிவைத்துத்தான் நான் புளிக்க வைத்தேன்.

உயரம் இல்லாமலும் குளிர்ச்சி கிடைக்கும். அதற்குக் குளிர்ந்த பெரிய நீர்ப்பரப்பு பக்கத்தில் வேண்டும். ஓரிகன் கடற்கரை அப்படி. கோடையில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஜூலையிலும் ஸ்வெட்டர் போடலாம். ஆனால் டல்லாஸிலிருந்து அது மிகத் தூரம், மாநிலப் பூங்காக்களில் மாதக்கணக்கில் தங்கவும் விடமாட்டார்கள். மேய்ன் மாநிலத்து அகேடியா தேசியப் பூங்காவும் அழகு. அங்கே ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசப் பேருந்து ஓடுவதால் வண்டியை அசைக்கவே வேண்டாம். ஆனால் கூட்டமும் விலையும் அதிகம்.

உங்களுக்கு என் யோசனை மின்னசோட்டாவின் கிராண்ட் மரே. உங்கள் ஊர் வழியாகப் போகிற ஐ-35 நெடுஞ்சாலை டெக்சாஸின் லரேடோவில் தொடங்கி மின்னசோட்டாவின் டுலூத்தில் முடிகிறது. நீங்கள் தினமும் நெரிசலில் நிற்கிற அதே சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால், அது முடிகிற இடத்தில் சுப்பீரியர் ஏரி நிற்கும். மலைக்கணவாய் ஒன்றும் குறுக்கே இல்லை. அங்கிருந்து நெடுஞ்சாலை 61-இல் ஏரிக்கரையை ஒட்டி இன்னும் 110 மைல். ஒரு நாளைக்கு 250 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள், ஐந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மினியாபோலிஸ் பக்கம் மேப்பிள் க்ரோவில் பெரிய இந்துக் கோயில் இருக்கிறது, அங்கே ஒரு நாள் நின்று போகலாம்.

பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி சுப்பீரியர். கோடையிலும் அதன் தண்ணீரில் கால் வைத்தால் விறைக்கும். அதனால் கரையோர ஊரில் ஜூலைப் பகல் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியே இருக்கும். உயரம் வெறும் 600 அடி சொச்சம், அவர் இதயத்துக்குச் சிரமம் இல்லை. துறைமுகத்தை ஒட்டி நகரமே நடத்துகிற பெரிய கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. ஊருக்குள் எங்கே போகவும் நடந்தே போகலாம். ஊரில் ஒரு சிறிய மருத்துவமனையும் உண்டு, பெரிய சிகிச்சை என்றால் டுலூத்.

நான் அந்த ஊரைச் சொல்ல முக்கியக் காரணம் வேறு. சுமார் 1,300 பேர் வாழும் அந்த ஊரில், துறைமுகக் கரையிலேயே நார்த் ஹவுஸ் ஃபோக் ஸ்கூல் என்று ஒரு கைத்தொழில் பள்ளி இருக்கிறது. 1997-இல் தொடங்கியது. படகு கட்டுவது, மரக்கரண்டி செதுக்குவது, கூடை பின்னுவது, தறி நெய்வது, விறகடுப்பில் ரொட்டி சுடுவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சில வகுப்புகள் ஒரு நாள், சில ஒரு வாரம். 1947-இல் தொடங்கிய ஓவியப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் நம் வயதுக்காரர்கள் நிறைய. எட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாள் கூடை பின்னிய பிறகு யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. இது நான் பார்த்தது. நீங்கள் கூடை பின்னப் போங்கள், அவர் தூண்டிலோடு துறைமுகத்தில் உட்காரட்டும். வகுப்புகள் சீக்கிரம் நிரம்பும், குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். கேம்ப்கிரவுண்டும் அப்படித்தான். ஜூன் மாதம் வேண்டாம், அங்கே கறுப்பு ஈ கடித்துப் பிடுங்கும் காலம் அது. ஜூலை பத்து தேதிக்குமேல் போனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் மீனவர் பிக்னிக் திருவிழாவுக்கும் இருப்பீர்கள்.

இரண்டாவது மாதத்துக்கு இடம் தேடும்போது விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். நீச்சல்குளம், குதிக்கும் மெத்தை, பெடல் கார் என்றிருந்தால் அது குழந்தைகளோடு வார இறுதிக்கு வரும் குடும்பங்களுக்கான இடம். அவர்கள் ஞாயிறு மதியம் போய்விடுவார்கள், செவ்வாயன்று நீங்களும் அணில்களும்தான் இருப்பீர்கள். சீட்டாட்டம், தையல் வட்டம், ஷஃபிள்போர்டு, காலைக் காபி இருக்கிற இடம் நம்முடையது. நான் எப்போதும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பேன். இப்போது எத்தனை வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது? உங்கள் அறிவிப்புப் பலகையில் இந்த வாரம் என்ன எழுதியிருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு எழுந்து போய்ப் பார்த்து வாசித்துக் காட்டுகிற இடத்தில் இதுவரை நான் ஏமாந்ததில்லை.

இன்னொரு வழி கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட். நீங்கள் நூலகத்தில் இருந்தவர் என்று படித்ததும் இதுதான் தோன்றியது. வாரத்துக்கு இருபது முப்பது மணி நேரம் வேலை செய்தால் தங்கும் இடம் இலவசம், பல இடங்களில் மின்சாரமும் தண்ணீரும் சேர்த்து. கணவன் மனைவி பிரித்துக்கொள்ளலாம். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, விறகு விற்பது, தீக்குழியில் சாம்பல் அள்ளுவது, சில இடங்களில் கழிப்பறை கழுவுவது. கடைசியைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். நாங்கள் ஒரு கோடை செய்தோம். தினமும் முப்பது பேர் நம்மிடம் வந்து ஏதாவது கேட்பார்கள். பேச்சுக்கு ஏங்குகிறவருக்கு அது பெரிய வரம். அரசு நிலங்களில் உள்ள வாய்ப்புகளை வாலண்டியர் டாட் கவ் (volunteer.gov) தளத்தில் பார்க்கலாம். முதல் வருடம் வேண்டாம், அடுத்த வருடம் யோசியுங்கள்.

எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார்ஹோம் பயணிகள் சங்கத்திலும் சேருங்கள். 1978-இல் பீட்டர்சன் தம்பதி தொடங்கியது. தலைமையிடம் உங்கள் டெக்சாஸின் லிவிங்ஸ்டன்தான். ஒரே ஆர்வமுள்ளவர்கள் கூடும் சிறு குழுக்கள் அதற்குள் உண்டு. வயதாகிப் பயணம் செய்ய முடியாமல் போன உறுப்பினர்கள், தங்கள் வண்டியிலேயே வசித்தபடி பகலில் உணவும் பராமரிப்பும் பெற ஒரு மையத்தையும் அங்கேயே நடத்துகிறார்கள். கூடச் சுற்றியவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிற அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

காசு விஷயம் இரண்டு. 62 வயதுக்குமேல் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்கலாம். 80 டாலர், ஆயுளுக்கும் செல்லும், பல மத்திய அரசுக் கேம்ப்கிரவுண்டுகளில் கட்டணம் பாதி. அப்புறம் அவருடைய மெடிகேரை, அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள். ஒரிஜினல் மெடிகேர் என்றால் அதை ஏற்கிற மருத்துவரிடம் எந்த மாநிலத்திலும் போகலாம். தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் ஹெச்.எம்.ஓ. திட்டம் என்றால் அவசரச் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் டல்லாஸ் வட்டத்துக்குள்தான். மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக அந்த உறுத்தல். "எனக்கு ஆள் வேண்டும், அதனால் ஒரே இடத்தில் ஒரு மாதம் இருப்போம்" என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். என் கணவரிடம் நான் அதைச் சொல்ல ஒரு குளிர்காலம் முழுக்கத் தயங்கினேன். சொன்னபோது, "தினமும் வண்டி கட்டி எனக்கும் முதுகு போய்விட்டது" என்றார்.

டுலூத் போய்ச் சேர்ந்ததும் ஏரி முன்னால் நின்று இரண்டு பேரும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கூடை பின்னினால் அதையும்.

அன்புடன்,
அக்கா