பிரஷை மாற்றுங்கள், டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பங்குனி கடைசியில் ஒட்டடையும் வெள்ளையடிப்புமாக வீடு அமர்க்களப்படும் நேரம் இது. பல் துலக்கும் பொருட்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புத்தாண்டுக்காகக் குளியலறை அலமாரியை ஒழித்தபோது பாதி தீர்ந்த பற்பசைகள், பழைய பிரஷ்கள், எதற்கோ இலவசமாக வந்த மவுத்வாஷ் எல்லாம் கிடைத்தன. எதை எறியலாம்? புதிதாக எதை வாங்க வேண்டும்? (வாசகி, ஈரோடு)

பிரஷிலிருந்து தொடங்குங்கள். அதைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நார்கள் பிளாஸ்டிக் தலையின் விளிம்பைத் தாண்டி வெளியே சாய்ந்திருந்தால் அது பல்லைத் துலக்காது, ஈறைத்தான் கீறும். சாயாவிட்டாலும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, தையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வாங்கும்போது அட்டையில் 'சாஃப்ட்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'ஹார்ட்' வகையை அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு ஈறு இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கும். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது.

பற்பசையில் காலாவதித் தேதியைத் தேடுங்கள். பெரும்பாலும் டியூபின் மடித்து ஒட்டிய அடிப்பகுதியில் மை இல்லாமல் அழுத்திப் பதித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். தேதி கடந்திருந்தால் எறிந்துவிடுங்கள். அதே இடத்தில் இருக்கும் பச்சை, நீலம், கறுப்புப் பட்டைகளை வைத்து 'இது இயற்கை, இது ரசாயனம்' என்று சொல்லும் தகவல் பல வருடங்களாகக் கைபேசிகளில் சுற்றுகிறது. அது பொய். டியூபை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் குறிதான் அந்தப் பட்டை.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, பிரஷ், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூல் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மவுத்வாஷுக்கு அந்தச் சலுகை இல்லை. பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். அதிகபட்ச விலைக்கு அருகிலேயே ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட்டிருக்கும். அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலவச மவுத்வாஷில் 'குளோர்ஹெக்சிடின்' என்று போட்டிருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். ஈறு சிகிச்சைக்காகக் குறுகிய காலத்துக்குக் கொடுப்பது அது. வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவையும் மாறும். மற்ற மவுத்வாஷ்கள் கட்டாயத் தேவை இல்லை. அந்தப் பணத்தில் ஃபிளாஸ் வாங்குங்கள். பிரஷ் நுழையாத பல் இடுக்கில்தான் சொத்தை சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். எனக்குச் சிறு வயது முதல் பல்லில் பழுப்புக் கோடுகள். என் நான்கு வயது மகனுக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயந்து, ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பற்பசைக்கு வீடே மாறிவிட்டோம். இது சரியா? (வாசகர், தருமபுரி மாவட்டம்)

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆழ்துளைக் கிணற்றை, பற்பசையை அல்ல.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு விதிப்படி ஃபுளோரைடு பற்பசையில் அதன் அளவு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அந்த அளவை டியூபிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சிட வேண்டும். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவுப் பசை ஏறத்தாழ கால் கிராம் இருக்கும். உங்கள் மகன் காலையும் இரவும் அதைத் துப்பாமல் முழுவதும் விழுங்கினாலும் உடலுக்குள் போவது அரை மில்லிகிராம்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கிணற்று நீரை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம், அதாவது ஆறு மடங்கு. அதே நீரில் வேகும் சோறும் பருப்பும் தனிக் கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு.

இந்தக் கொடுமைக்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பாதிப்பு) தணிப்பும் உண்டு. காவிரி நீர் வரும் தெருவில் இருந்துகொண்டு, குழாயில் கூட்டம் என்பதற்காக மோட்டாரைப் போட்டுக் கிணற்று நீரில் சமைக்கிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரோ, சேமித்த மழை நீரோ மட்டும்தான் என்று முடிவு செய்யுங்கள். குளிக்க, துவைக்க கிணற்று நீர் போதும்.

எந்த நீரில் எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். புற ஊதாக் கதிர் மட்டும் உள்ள இயந்திரம் கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. ஆர்.ஓ. வகைதான் அதைக் குறைக்கும். விற்பனையாளர் 'எல்லாம் போய்விடும்' என்று சொன்னால், ஃபுளோரைடு போகும் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். பல்லின் எனாமல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில்தான் அந்தக் கோடுகள் விழ முடியும். அதனால் அவனுக்குத்தான் கவனம் தேவை. சோதனையில் நீர் 1.5க்கு மேல் என்று வந்து, உடனே மாற்று வழி இல்லை என்றால், ஆறு வயது வரை ஃபுளோரைடு இல்லாத பசை போதுமா என்று பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீர் சரியாக இருந்தால் பட்டாணி அளவு ஃபுளோரைடு பசையே நல்லது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அரிசி அளவு போதும். பசையைப் பெரியவர்கள் கையால் வைத்துவிடுங்கள், துப்பும்வரை பக்கத்தில் நில்லுங்கள். ஸ்ட்ராபெரி சுவை வேண்டவே வேண்டாம். மிட்டாய் மாதிரி இனித்தால் குழந்தை விழுங்கத்தான் செய்யும்.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் எனாமல் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது. நீங்கள் ஃபுளோரைடு பசைக்குத் தாராளமாகத் திரும்பலாம். சொத்தையைத் தடுப்பதில் அதற்குள்ள சான்று மூலிகைப் பசைகளுக்கு இல்லை. துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், நிறைய நீர் விட்டு அலச வேண்டாம். பழுப்புக் கோடுகளுக்காக 'வெண்மை தரும்' பசை வாங்காதீர்கள். அது மேலே படிந்த டீ, காபி, வெற்றிலைக் கறையைத்தான் கொஞ்சம் எடுக்கும். எனாமலுக்குள்ளேயே இருக்கும் கோட்டை எந்த டியூபும் எடுக்காது, பல் மருத்துவரால்தான் மறைக்க முடியும்.

கேள்வி: வெயில் ஏறியதும் எலுமிச்சை ஜூஸ், குளிர்பானம் இல்லாமல் முடிவதில்லை. கூடவே பல் கூச்சமும் வந்துவிட்டது. நொடிகளில் கூச்சம் போகும் என்று விளம்பரம் செய்யும் விலை அதிகமான பற்பசையை வாங்கலாமா? (வாசகர், மதுரை)

விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். 'உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது', 'உலகின் நம்பர் 1' என்றெல்லாம் சொன்னதற்காக, 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சென்சோடைன் விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பசை பயனற்றது என்பது அந்த உத்தரவின் பொருள் அல்ல. சொன்ன பெருமைக்கு ஆதாரம் போதவில்லை என்பதே பொருள்.

கூச்சத்துக்கான பசைகள் பலவற்றில் வேலை செய்வது பொட்டாசியம் நைட்ரேட். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பின்பக்கத்தில் அந்தப் பெயரும், கூடவே ஃபுளோரைடும் இருக்கிறதா என்று பாருங்கள். இரு வேளையும் விடாமல் துலக்கினால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலன் தெரியும். அதற்குப் பிறகும் குறையாவிட்டாலோ, ஒரே ஒரு பல்லில் மட்டும் சுரீர் என்றாலோ, அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம். பசையை மாற்றி மாற்றி நாளைக் கடத்தாதீர்கள்.

ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சாமல் ஒரே தடவையில் குடித்துவிட்டு, வெறும் நீரால் வாயைக் கொப்பளியுங்கள். புளிப்பு எனாமலை இளக்கியிருக்கும் நேரத்தில் பிரஷ் பட்டால் அது தேயும். அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். சில்லென்று குடித்தே ஆக வேண்டிய மதியங்களில் பானைத் தண்ணீரும் மோரும் பல்லுக்குத் தொல்லை தராதவை.

கேள்வி: கரி கலந்த பற்பசை நல்லதா? என் தந்தை பல்பொடியைத்தான் விரும்புகிறார். (வாசகி, திருநெல்வேலி)

கரி பல்லை வெளுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, தினமும் உரசினால் எனாமல் தேய வாய்ப்புண்டு. வாங்க வேண்டாம். பல்பொடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் பல்லுக்கும் அதே கதிதான். பெயரோ முகவரியோ இல்லாமல் விற்கும் பொடியை வீட்டுக்குள் விடாதீர்கள். பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இலேயே தடை செய்தது. பொடி போட்டதும் தலை கிறுகிறுத்தால், போடாவிட்டால் கை நடுங்கினால், உடனே நிறுத்துங்கள்.

தந்தைக்குக் கை விரல்களில் வலி இருக்கிறதா? அப்படியானால் மின்சார பிரஷ் உண்மையிலேயே உதவும். அதன் மாற்றுத் தலை உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். செலவு அங்கேதான்.

கேள்வி: பல் சுத்தம் செய்யப் போன இடத்தில், சொல்லாத சிகிச்சைகளையெல்லாம் சேர்த்துப் பில் போட்டுவிட்டார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்றும் சொல்கிறார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

சுத்தம் செய்வதால் பல் ஆடாது. பல காலமாகப் பல்லில் படிந்து இறுகிய அழுக்கு, அதாவது காரை, இடைவெளியை மூடியிருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே நலிந்திருந்த ஈறும் இடைவெளியும் தெரியவருகின்றன, அவ்வளவுதான். அடுத்த முறை உட்காரும் முன்பே எந்தப் பல்லுக்கு என்ன, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்குப் புதுக்கோட்டை பக்கம்தான்.

பணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பில்லையும் எக்ஸ்-ரே படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். எக்ஸ்-ரேயை அவர்கள் தரவில்லை என்றால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.