உப்புநீர்த் தொட்டியில் புரோப்: குமரி எல்லைப் பக்கத்துக் கேள்விகள்

கேள்வி (களியக்காவிளை): அண்ணா, வெப்பநிலை புரோப்பை (நீரில் இறக்கி அளக்கும் உணரியை) சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில், நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில் தொங்கவிட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: இன்றைக்கே மாற்றிவிடுங்கள், தம்பி. நீர் ஆவியாக ஆக மட்டம் இறங்குவது அந்த அறையில்தான். புரோப் வெளியே வந்துவிட்டால் காற்றின் வெப்பத்தைக் காட்டும். ஆனி, ஆடி மழையில் வீட்டுக்குள் 24 டிகிரி, நீங்கள் வைத்திருப்பது 26 என்றால் ஹீட்டர் அணையவே அணையாது. இரண்டு கோமாளி மீன்களை நான் இப்படித்தான் பறிகொடுத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. மட்டம் மாறாத ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) அறையில், குமிழி படாத ஓரமாக, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். நீரோட்டம் இருக்க வேண்டும்.

கேள்வி (பாறசாலை): காலையில் பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) 7.9, மாலையில் 8.2. புரோப் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. விளக்கு எரியும்போது பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். இரவில் இறங்கும். மழைக்குப் பயந்து சன்னலைச் சாத்தி வைத்தால் இன்னும் இறங்கும். ஐயம் இருந்தால் பிஎச் 7, 10 என்று அளவு தெரிந்த கரைசல்களில் சரிபாருங்கள்.

கேள்வி (குழித்துறை): தேங்காய்ப்பட்டணத்தில் எடுத்து வந்த கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 28 என்று புரோப் காட்டுகிறது. கடல்நீர் 35 இருக்க வேண்டாமா?

பதில்: பொழிமுகத்தின் அருகே எடுத்தீர்களா? மழைக்காலத்தில் அங்கே ஆற்றுநீர் கலந்துதான் இருக்கும். ஆனாலும் புரோப்பையும் சோதியுங்கள். அதை நீருக்குள் நன்றாக ஆட்டுங்கள். உள்ளே குமிழி சிக்கியிருந்தால் அளவு குறைந்தே தெரியும். பிறகு மின்கடத்து அளவு 53 மில்லிசீமென்ஸ் உள்ள சோதனைக் கரைசலில் வையுங்கள். 25 டிகிரியில் அது 35க்குச் சமம். அங்கே சரியாகக் காட்டினால் குறை தண்ணீரில்தான்.

கேள்வி (மார்த்தாண்டம்): பிஎச் புரோப்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சுரண்டி எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நுனியில் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். வினிகரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். கழுவுங்கள், துடைக்காதீர்கள், மறுபடி அளவைச் சரிசெய்யுங்கள். கழற்றி வைப்பதானால் காயவிடக் கூடாது. ஆர்ஓ (உப்பு நீக்கிய) நீரிலும் போடக் கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். தொட்டியில் இருக்கும்போது வயர் நுழையும் தலைப்பகுதி நீருக்கு மேலேயே நிற்கட்டும்.