ஃபீஸே கிடையாது என்கிற ஏஜென்ட்டிடம் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்கலாமா?

கேள்வி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், நான் ஐ.டி.ஐ. முடித்தவன், எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. தங்கச்சி ஆறு முதல் பத்து வரை சர்ச் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தாள், பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசுப் பள்ளியில். எல்லாம் தமிழ்வழி. இன்ஜினியரிங் கட் ஆஃப் 148 வருகிறது. ஒரு ஏஜென்ட் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் 7.5 சதவீதக் கோட்டாவில் நாலு வருடமும் ஃபீஸ் இல்லாமல், ஹாஸ்டலும் இலவசமாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, அப்பாவிடம் 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினல்களை வாங்கிப்போக வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அந்த டி.சி.யைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

மார்க் ஷீட் தொலைந்தால்கூட அலைந்து திரிந்து இன்னொன்று வாங்கிவிடலாம். டி.சி. அடுத்தவர் கையில் இருந்தால் உங்கள் தங்கச்சி வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது, அதனால்தான் எல்லா ஏஜென்ட்டும் முதலில் அதையே கேட்கிறார்கள். நடுவில் நல்ல இடம் ஒன்று கிடைத்து, டி.சி.யைத் திருப்பிக் கொடுங்கள் என்று போய் நின்றால் 'கேன்சலேஷன் சார்ஜ்' என்று ஒரு தொகை முளைக்கும். கட்டினால்தான் சர்டிபிகேட். கல்லூரிகளே மாணவர்களின் ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்துவிட்டது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஏஜென்ட்டுக்கு எங்கிருந்து வந்தது?

அவர் வந்த நேரத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம், கவுன்சிலிங் பதிவும் அதையொட்டியே. வீட்டில் வருமானம் நின்றுபோன நேரத்தில் 'ஃபீஸே கிடையாது' என்ற பேச்சு எவ்வளவு சுலபமாக எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் எந்த வாரம் கணக்கில் ஏறும் என்பதுகூட சில பேருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் கமிஷன் தனி, உங்களிடம் வாங்கிய 5,000 அதற்கு மேல்.

சரி, அந்த 7.5 சதவீதத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் கடற்கரையில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் என்று 2021-ல் சட்டம் வந்தது. அதில் கவுன்சிலிங் வழியாகச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது, அதுவரை ஏஜென்ட் சொன்னது உண்மை. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி அரசுப் பள்ளி அல்ல. வாத்தியாருக்கு அரசாங்கம்தான் சம்பளம் கொடுக்கிறது, சத்துணவு, புத்தகம் எல்லாம் அரசாங்கம்தான் கொடுக்கிறது, இருந்தாலும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது அரசுப் பள்ளி இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம் அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆறு முதல் பத்து வரையான ஐந்து வருடமும் சர்டிபிகேட் சரிபார்ப்பில் வெளியே வந்துவிடும். ஆக, உங்கள் தங்கச்சிக்கு 7.5 கிடையாது. மீனவக் கிராமங்களில் பக்கத்தில் இருக்கிற பள்ளி பல இடங்களில் சர்ச் பள்ளிதான், அங்கே படித்த கூலிக்காரர் மகளுக்கு இல்லாத சலுகை எதிர் வாடையில் அரசுப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு உண்டு என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கும் புரியவில்லை. கேட்டால் கொள்கை முடிவு என்பார்கள்.

இதில் இன்னொரு குழப்பம். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வேறு. அதுவும் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது, 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். எனவே அந்த ஆயிரம் உங்கள் தங்கச்சிக்கு வரும், 7.5 வராது. ஒன்று கிடைக்கிறதே, இன்னொன்றும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், ஏஜென்ட் இரண்டையும் சேர்த்துப் பேசுவதே அதற்காகத்தான். அந்த ஆயிரத்துக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், நடுவில் யாருக்கும் வேலையில்லை.

உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிற சலுகை முதல் தலைமுறைப் பட்டதாரி. வீட்டில் யாரும் டிகிரி வாங்கவில்லை, நீங்கள் படித்த ஐ.டி.ஐ. டிகிரி அல்ல, அதனால் தடையில்லை. இதற்கு எந்தப் பள்ளி என்ற கேள்வியும் கிடையாது. கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தரும், ஆனால் கவுன்சிலிங் வழியாக வந்தால் மட்டும். கல்லூரியே நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் போச்சு. இதைத்தான் ஏஜென்ட் வாயைத் திறந்து சொல்வதில்லை. சில பேர் இன்னும் சாமர்த்தியம்: பிள்ளையைக் கவுன்சிலிங்கிலேயே உட்கார வைத்து, தாங்கள் சொல்கிற கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அரசாங்கம் தருகிற சலுகையைத் தாங்கள் வாங்கித் தந்ததுபோல உங்களுக்கே விற்றுவிடுவார்கள். சேர்ந்த பிறகு பஸ், லேப், டிரெயினிங், மெஸ் என்று தனித்தனியாக பில் வரும். முதல் தலைமுறைச் சலுகை அதையெல்லாம் கட்டாது.

முதல் தலைமுறைப் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 60 ரூபாய். 500 கொடுத்தால் நாளைக்கே வாங்கித் தருகிறேன் என்று அங்கேயும் ஒருவர் நிற்பார், கொடுக்காதீர்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., அப்புறம் தாலுகா ஆபீஸ் என்று ஃபைல் நகர்வதற்குள் பதிவுத் தேதி முடிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது, அதனால் இன்றைக்கே போடுங்கள். இந்த வீட்டில் ஒருவரும் டிகிரி படிக்கவில்லை என்பதற்கு இத்தனை கையெழுத்தா என்று எனக்கும் எரிச்சல் வரும்.

கவுன்சிலிங் பதிவு டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) இணையதளத்தில், 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. செல்போனில் முடியாவிட்டால் மாவட்டத்தில் இருக்கும் உதவி மையத்துக்குப் போங்கள், அங்கே உட்கார வைத்து இலவசமாகப் பதிவு செய்து தருவார்கள். பிரவுசிங் சென்டரில் செய்வதென்றால் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்லாதீர்கள், அது கையில் கிடைத்தால் கல்லூரி வரிசையை உங்களுக்குப் பதில் வேறொருவர் போட்டுவிடுவார். கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாகப் பழைய வருடக் கட் ஆஃப் அந்த இணையதளத்திலேயே இருக்கிறது. 148-க்கு எங்கே என்ன கிடைத்தது என்று தங்கச்சியையே பார்க்கச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவற்றைப் பட்டியலில் போடாமல் கோயம்புத்தூருக்கு ஏன் ஓட வேண்டும்? கிடைக்குமா என்பது அவளுடைய ரேங்க் வரும்போது தெரியும், போட்டுவைக்கக் காசு கேட்பதில்லை. இடம் ஒதுக்கினால் இரண்டு நாளுக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அந்த நேரம் நீங்களும் அப்பாவும் கடலில் இருந்தால் போனைப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

கைவசம் இன்னொரு வழியும் வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் பொறியியல் பி.டெக். இருக்கிறது, மீனவர் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு, விண்ணப்பம் தனி. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இன்னொரு இணையதளம், விண்ணப்பம் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ராமேஸ்வரத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்தில் பெண்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. முன்னேற விழையும் மாவட்டம் என்று 2018-ல் டெல்லியில் பட்டியல் போட்டு ராமநாதபுரத்தைச் சேர்த்தார்கள், கல்லூரிகளும் வந்தன. எந்தச் சலுகை யாருக்கு என்று சொல்ல மட்டும் ஆளில்லை. தடைக்காலத்தில் ஊரே கரையில் இருக்கிறது, ஓர் அதிகாரி வந்து மீன் ஏலக்கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் பாதி ஏஜென்ட் காணாமல் போய்விடுவான்.

அந்த 5,000-க்கு ரசீது இருக்காது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது பக்கத்து வீட்டார் இரண்டு பேரை வைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள். ஜி.பே.யில் அனுப்பியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்திலும், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். பணம் வந்தால் சரி. கொடுத்த 5,000 வீணாகிவிடுமே என்று அப்பா யோசித்தால், டி.சி.யைக் கொடுத்தபின் கேட்கப்போவது 5,000-த்தோடு நிற்காது என்று அவரிடம் சொல்லுங்கள். ஏஜென்ட்டுக்கு ஜெராக்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.