லெதெலியேர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் ஒர்லாந்தோ லெதெலியேர் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனீர்கள். தேடிப் படித்தேன். சிலியில் அமைச்சராக இருந்தவர். பதவி போய், நாடு போய், வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தவர். அவரை அவ்வளவு தூரம் ஆள் அனுப்பிக் கொல்லுமளவுக்குச் சிலியின் ராணுவ ஆட்சியாளர் பினோசேவுக்கு என்ன பயம்?

ச., மதுரை

அன்புள்ள ச.,

ஒரு வரியில் தள்ளிவிட்டது என் பிழைதான். ஆனால் அவர் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பினோசே அரசே எழுத்தில் பதில் தந்திருக்கிறது. லெதெலியேரின் குடியுரிமையைப் பறித்த ஆணை 1976 செப்டம்பர் 10 அன்று வெளியானது. ஹாலந்துத் துறைமுகத் தொழிலாளர்களைச் சிலிச் சரக்கைத் தொடாதபடி தூண்டினார், டச்சு முதலீடு வராமல் கெடுத்தார் என்பவை அதில் உள்ள குற்றச்சாட்டுகள். துப்பாக்கி தூக்கினார் என்றல்ல, வரவேண்டிய பணத்தை மறித்தார் என்றுதான் கோபம். வாஷிங்டனில், அமெரிக்கக் கண்ட நாடுகளுக்குக் கடன் தரும் வளர்ச்சி வங்கியில் வேலை பார்த்தவர், பிறகு அங்கேயே, பினோசே கவிழ்த்த அதிபர் அயெந்தேவின் தூதர். எந்தக் கதவைத் தட்டினால் எந்தக் கடன் நிற்கும் என்று அவருக்கு அத்துப்படி. அந்த ஆகஸ்டில்தான், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துவந்து பினோசேவுக்குத் தடையற்ற சந்தைக் கொள்கை வகுத்த பொருளாதாரக்காரர்களின் திட்டமும் சித்திரவதைக் கூடங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று ஒரு கட்டுரை எழுதினார். 'பொருளாதாரம் பரவாயில்லை, மனித உரிமைதான் கொஞ்சம் இடிக்கிறது' என்று சமாளித்துவந்தவர்களுக்கு அது பெரிய சங்கடம்.

இன்னொன்றும் உண்டு. இது என் ஊகம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 1973 செப்டம்பர் 11 காலையில் அவர்தான் பாதுகாப்பு அமைச்சர், பினோசே அவருக்குக் கீழே தரைப்படைத் தளபதி. அமைச்சக வாசலிலேயே அவரைப் பிடித்து, சிலியின் தென்கோடியில், மகெல்லன் நீரிணையின் குளிரில் டாசன் தீவில் அடைத்தார்கள். ஓராண்டுக்குப் பின் வெனிசுவேலாவின் தலையீட்டில் வெளியே வந்தார். நேற்றுவரை தான் சல்யூட் அடித்த மனிதர் உலகமெங்கும் போய்ப் பேசுவதை எந்தத் தளபதியால் தாங்க முடியும்?

கொலை நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உடன் வேலைபார்த்த மைக்கேல், ரானி மாஃபிட் தம்பதியின் கார் பழுதாகிவிட, செப்டம்பர் 20 இரவு லெதெலியேரின் காரையே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குண்டு ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கட்டப்பட்டிருந்தது. இரவெல்லாம் அதை வாசலில் நிறுத்திவைத்துத் தூங்கியிருக்கிறார்கள். காலையில் அவரை ஏற்றிக்கொள்ளப் போனார்கள். அவர் ஓட்ட, ரானி பக்கத்தில், மைக்கேல் பின்னால். தூதரகங்கள் வரிசையாக இருக்கும் ஷெரிடன் சர்க்கிளில் வெடித்தது. லெதெலியேரின் கால்கள் துண்டாயின. ரானிக்குக் கழுத்து நாளம் அறுந்தது. வயது 25, கல்யாணமாகி நான்கு மாதம். உங்கள் கடிதத்திலும் அவர் பெயர் இல்லை, என் ஒரு வரியிலும் இல்லை.

குண்டு வைத்த மைக்கேல் டவுன்லி, சிலி உளவுத்துறையான தினாவுக்கு வேலைசெய்த அமெரிக்கர். அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, சில ஆண்டு சிறைக்குப் பின் புதுப் பெயரோடு போய்விட்டார். தினாவின் தலைவர் கோன்ட்ரேராஸுக்கு 1993இல் 7 ஆண்டு. பினோசே இந்தக் கொலைக்காகக் கூண்டில் ஏறவே இல்லை.

குடியுரிமை பறிபோன அன்றே நியூயார்க் கூட்டத்தில், சிலிக்காரனாகப் பிறந்தேன், சிலிக்காரனாகவே சாவேன் என்றார் லெதெலியேர். பதினோராம் நாள் செத்தார். உடலைக் கரகாஸில் புதைத்தார்கள். சிலிக்குக் கொண்டுவர 1992 ஆயிற்று.